வாங்க என்று சொல்லாத வீடு

சேர்மதுரையின் எண் எழுபத்தெட்டு ஆகிவிட்டது என்று நாடி காட்டியபோது உலகம்மைக்குக் கோபம் வந்தது. சேர்மதுரை மேல் அல்ல, நாடி மேல்.

"ஏன்னு சொல்லித் தொலையேன்!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். நாடி சொல்லாது. எண்ணை மட்டும் சொல்லும். காரணம் கேட்டால் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

நாடி என்பது முன்னறி மையத்தின் இயந்திரம். நாட்டில் யார் தூங்குகிறார்கள், யார் தூங்கவில்லை, யார் யாரோடு பேசுகிறார்கள், எந்த வீட்டுப் படியேறுகிறார்கள் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு மனிதன் வெறும் கோபத்திலிருந்து குண்டு வரைக்கும் போகிற பாதையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்பதை ஓர் எண்ணாகச் சொல்லும். நாற்பதைத் தாண்டினால் துறைமுகத்துக்குள்ளும் விமான நிலையத்துக்குள்ளும் விடமாட்டார்கள். எண்பதைத் தொட்டால் காப்பு முகாம். வழக்கும் இல்லை, வக்கீலும் இல்லை, இரண்டு வருஷம் உள்ளே.

சும்மா சொல்லக்கூடாது, நாடி வந்த பிறகு எட்டு வருஷம் நாட்டில் ஒரு பட்டாசுகூடத் தப்பாக வெடிக்கவில்லை. அந்தப் பெருமையில் எல்லோரும் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தபோதுதான் சிப்பித்துறையில் வெடித்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்குள் பால்துரை என்ற தொழிலாளி சாப்பாட்டுப் பையோடு போனான். கேன்டீனில் ஆறு பேர் செத்தார்கள். அவனும் செத்தான். அன்று காலை அவனுடைய எண் இருபத்திரண்டு!

அவனை அனுப்பியது அலைப்படை. கடல் விழுங்கிய கரையோர ஊர்களுக்கு நியாயம் கேட்கிறோம் என்று கிளம்பிய கூட்டம் அது. கேட்ட நியாயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்தது. அப்புறம் நியாயத்தை விட்டுவிட்டுக் குண்டைப் பிடித்துக்கொண்டார்கள். சோறு பொங்கிக்கொண்டிருந்த பெண்களைக் கொன்றுவிட்டு ஊருக்காகச் செய்தோம் என்றார்கள். உலகம்மைக்கு அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். சிப்பித்துறை அவள் பிறந்த ஊர். மையத்தின் அந்த ஊர்க் கிளைக்கு அவள்தான் தலைவி.

சேர்மதுரை, பால்துரையின் தம்பி. வெல்டிங் பட்டறையில் வேலை. வெடிப்பு நடந்த அன்று அவனுடைய எண் முப்பத்தொன்று. இப்போது எழுபத்தெட்டு. இன்னும் இரண்டு ஏறினால் தலைமையிடத்து வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். ஆனால் பையன் எதையும் பார்க்கவில்லை, படிக்கவில்லை, யாருக்கும் போன் பேசவில்லை. வெயிலில் வைத்த பாதரசம் மாதிரி எண் தானாக ஏறிக்கொண்டிருந்தது.

உலகம்மை இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டாள். அவர் பெயர் அணைஞ்சபெருமாள். பெரிய மீசை. அந்தத் தெருவைக் காவல் காப்பது அவருடைய ஆட்கள்தான்.

"அந்த வீட்டுக்கு யார் வாரா, யார் போறா?"

"ஒரு குஞ்சு வரல மேடம்."

"ஒருத்தருமா?"

"தாயும் மவனும் மட்டுந்தான். தாய்மாமன்கூட வரல. சாம்பலைக் கடல்ல கரைக்கப் போனப்பகூட அந்தப் பய தனியாத்தான் போனான். பாக்கவே ஒரு மாதிரியா இருந்துச்சு."

"ஏன் வரல? கோவமா?"

அணைஞ்சபெருமாள் மீசையைத் தடவினார். "கோவம் பாதி. பயம் பாதி. அந்த வீட்டுப் படி ஏறினா எண் பதினஞ்சு ஏறுதுன்னு ஊருக்கே தெரியும். கொத்தனார் ஒருத்தர் முதல் நாள் எட்டிப் பாத்தாரு. மறுநாள் துறைமுக வாசல்ல பாஸ் வேலை செய்யலன்னு திருப்பி அனுப்பிட்டாவ. அதோட தெரு அடங்கிட்டு."

உலகம்மை நெற்றியில் அடித்துக்கொண்டாள். பையனின் எண் ஏன் ஏறுகிறது என்று நாடியைக் கேட்டுக்கொண்டிருந்தாளே! வருகிறவர்களை விரட்டி நோயையும் அதுவே கொடுத்துவிட்டு, காய்ச்சலையும் அதுவே அளந்துகொண்டிருக்கிறது.

*

சென்னைத் தலைமையிடத்திலிருந்து இயக்குநர் சடகோபன் திரையில் வந்தார். நல்ல மனிதர். கெட்டிக்காரர். ஆனால் நாடியை யாராவது குறை சொன்னால் பெற்ற பிள்ளையைச் சொன்ன மாதிரி முகம் சுருங்கிவிடும்.

"அது தொடர்புக் கணக்கு, உலகம்மை. குண்டு வச்சவன் வீட்டுக்கு யார் போறாங்கன்னு பார்க்காம வேற எதைப் பார்க்கறது?"

"எழவு வீடு சார் அது. நம்ம ஊர்ல எழவு வீட்டுக்குப் போறது தொடர்பா? இருபது வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வந்து நிப்பான். கோர்ட்ல கேஸ் நடத்துறவன் வந்து நிப்பான். அழுதுட்டுப் போயி மறுநாள் கேஸை நடத்துவான். இதை வெள்ளைக்காரன் எழுதியிருந்தா தெரியாம எழுதிட்டான்னு விட்டுரலாம். நம்ம பயலுகளே எழுதியிருக்கானுவளே, அதான் எனக்கு வயித்தெரிச்சல்."

"அங்க போற நூறு பேர்ல ஒருத்தன் அலைப்படை ஆளா இருந்தா? செத்த ஆறு பேர் குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?"

நியாயமான கேள்விதான். உலகம்மையும் அதை இல்லை என்று சொல்லவில்லை.

"நூறு பேர் போற வீட்டுல ஒரு கெட்டவன் இருக்கலாம் சார். ஒருத்தருமே போகாத வீட்டுல கெட்டவனுக்கு மட்டுந்தான் இடம் இருக்கும்."

"ஆதாரம் கொண்டு வாங்க. ஊர்ப் பழக்கம்னு சொல்லி நாட்டோட பாதுகாப்பை மாத்த முடியாது. அவன் எண்பதைத் தொட்டா நான் வண்டியை அனுப்பத்தான் செய்வேன்."

"அப்ப நானே போறேன்."

"உங்க எண் ஏறும். மையத்து அதிகாரிக்கு வரம்பு இருபதுதான். தாண்டினா வேலையை விட்டு நிறுத்தி விசாரணைக்குக் கூட்டிட்டு வரச் சொல்லிடுவேன். உங்களுக்குன்னு தனி விதி கிடையாது."

"வேண்டாம் சார். எல்லாருக்கும் உள்ளதே எனக்கும் இருக்கட்டும்" என்று சொல்லித் திரையை அணைத்தாள். அணைந்த திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இருபது வருஷ வேலை, சும்மாவா?

*

மையத்துச் சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சாயம்போன ஒரு நூல்சேலையைக் கட்டிக்கொண்டு நடந்தே போனாள். தெருவில் எல்லா வாசலிலும் தலைகள் தெரிந்தன. அந்த ஒரு வீட்டு வாசலில் மட்டும் செருப்பே இல்லை. சாவு விழுந்த வீட்டு வாசலில் செருப்பு இல்லாமல் உலகம்மை பார்த்ததே கிடையாது. தன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

யாரும் வாங்க என்று சொல்லவில்லை. எழவு வீட்டில் சொல்ல மாட்டார்கள். வருகிறவரும் விடைபெறும்போது போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடும். வந்தால் உட்கார வேண்டும், எழுந்தால் பேசாமல் போக வேண்டும். அந்தப் பக்கத்தில் சிறுபிள்ளைக்குக்கூட இது தெரியும்.

தாய் முத்துப்பேச்சி தரையில் உட்கார்ந்திருந்தாள். உலகம்மை எதிரே உட்கார்ந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்தாள். அவ்வளவுதான். அத்தனை நாளும் அடைத்துக்கிடந்த அழுகை அந்த வீட்டை இடித்துவிடும்போல வந்தது. பெற்றவள் தனியாக எப்படி அழுவாள்? கை கொடுக்க ஒரு ஆள் வேண்டாமா?

சுவரோரம் நின்றிருந்தான் சேர்மதுரை. கண் பழுத்துப்போய், கன்னம் ஒட்டிப்போய் இருந்தான்.

"எதுக்கு வந்திய? என் எண்ணைப் பாக்கவா?"

"எழவு கேக்க வந்தேன்."

"எங்க அண்ணன் ஆறு பேரக் கொன்னவன்."

"தெரியும். அவனுக்காக வரல. உங்கம்மைக்குப் பிள்ளை செத்திருக்கு. அதுக்கு வந்தேன்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நீங்க ஒண்ணும் முதல்ல வரல. உங்களுக்கு முன்னாடியே ரெண்டு பேரு வந்தாங்க. எங்க மாமா வரல, சொந்தக்காரன் ஒருத்தன் வரல. அவங்க வந்தாங்க. அண்ணனுக்காக அழுதாங்க."

உலகம்மை சட்டென்று நிமிர்ந்தாள். நாடி அப்படி யாரையும் காட்டவே இல்லை.

முத்துப்பேச்சி மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தாள். "பால்துரைக்குச் சேக்காளி, கூட்டாளின்னு சொன்னானுவ. பின்வாசல் வழியாத்தான் வந்தானுவ. நல்லாத்தான் பேசினானுவ தாயி. போகும்போது மட்டும், 'போயிட்டு வாரோம்மா, பதினாறாம் நாளுக்கு வாரோம்'னானுவ. எழவு வீட்டுல யாராவது அப்படிச் சொல்லுவாவளா? மிச்சம் இருக்கது இந்த ஒரு பிள்ளைதான?"

சேர்மதுரை தரையைப் பார்த்தான். பதினாறாம் நாள் முடிந்து அவர்களோடு போய்விடுவது என்று அவன் முடிவு செய்திருந்தான். அவன் சொல்லவில்லை, ஆனால் முகத்தில் அப்பட்டமாக எழுதியிருந்தது. உலகம்மை கேட்கவும் இல்லை. கேட்டால் பொய் சொல்வான். பொய் சொல்லிவிட்டால் அதைக் காப்பாற்றவாவது போய்விடுவான்.

அப்போதுதான் வாசலில் சத்தம் கேட்டது.

"ஏ, முத்துப்பேச்சி! இருக்கியா உள்ள?"

டீக்கடை அருணகிரி அண்ணாச்சி. கேன்டீனில் செத்தவர்களில் ஒருத்தி அவருடைய மனைவி ஞானசுந்தரி. வீங்கிய கண்ணும் மழிக்காத தாடியுமாக உள்ளே வந்து நின்றார். இந்த மனிதர் இப்போது என்ன செய்தாலும் அவரை ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் வாயில்லை.

"மையத்து அம்மாவே வந்திருக்காவன்னு சொன்னாவ. சரி, நாமளும் போயிக் கேட்டுருவோம்னு வந்தேன். துக்கம் கேக்க வரல. சண்டை போட வந்திருக்கேன்." குரல் உடைந்தது. "என் வீட்டுல சாவு. ஊரே வந்துச்சு. நீ வரல! சுந்தரி பிரசவத்துக்கு நீதான் கூட இருந்த. கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் ரெண்டு பேருந்தான். அவளத் தூக்கிட்டுப் போறோம், உன்னையக் காணல. உன் மவன் செஞ்சது உன் மவனோட. நீ ஏன் வரல? அதச் சொல்லு மொதல்ல!"

முத்துப்பேச்சி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அண்ணாச்சி வருவேன்? அப்புறம், அடிச்சாலும் சரி, காறித் துப்பினாலும் சரின்னு கிளம்பத்தான் செஞ்சேன். தெருமுனை வரைக்கும் வந்துட்டேன். நான் உங்க வீட்டுக்குள்ள வந்து உங்க கையப் பிடிச்சா உங்களுக்கும் எண் ஏறுமாமே. உங்க மவ துறைமுகத்துல வேலை பாக்கா. தாயத்தான் பறிச்சுட்டோம், வேலையும் போயிரக்கூடாதுன்னு திரும்பிட்டேன். அங்கன சுவத்துல முட்டிக்கிட்டு அழுதேன். என் மைனி சுந்தரிக்கு நான் அப்படித்தான் அழ முடிஞ்சுது."

அண்ணாச்சி நின்றார். சண்டைக்கென்று சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அப்படியே அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"பால்துரைய மன்னிச்சுட்டேன்னு நினைக்காத" என்றார். "மாட்டேன். செத்தாலும் மாட்டேன்."

"மன்னிக்காதிய" என்றாள் முத்துப்பேச்சி.

அப்புறம் இரண்டு பேரும் சுந்தரிக்காக அழுதார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த சேர்மதுரை சுவரோடு சரிந்து உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் உட்கார்ந்து பத்து நாள் ஆகிறது என்று முத்துப்பேச்சி பிற்பாடு சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து அணைஞ்சபெருமாள் வந்து சேர்ந்தார். பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, வெறும் காலோடு, முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"மேடம்... உங்க எண் இருபத்துநாலு ஆயிட்டு. சென்னையில இருந்து உத்தரவு. உங்களக் கூட்டிட்டு வரச் சொல்லி..."

"எய்யா இன்ஸ்பெக்டரு" என்றார் அண்ணாச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எழவு வீட்டுக்குள்ள வந்து நின்னுக்கிட்டா பேசுவிய? உமக்கு யாரும் சொல்லித் தரலையா? உக்காரும் மொதல்ல."

அணைஞ்சபெருமாள் உத்தரவைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வேறென்ன செய்வார்? அவரும் அந்த ஊர்க்காரர்தானே. உட்கார்ந்த கையோடு அவருடைய போன் கீச்சென்றது. எடுத்துப் பார்த்தார்.

"மேடம், எனக்கும் ஏறிட்டு. இப்ப என்னையக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வரணும்."

"வரட்டும்" என்றாள் உலகம்மை. "வந்தா அவனையும் உக்காரச் சொல்லுவோம்."

எழவு வீட்டில் சிரிக்கக் கூடாதுதான். ஆனால் முத்துப்பேச்சியே அழுகைக்கு நடுவே வாயைப் பொத்திக்கொண்டாள்.

*

அண்ணாச்சியே போய்விட்டார் என்ற பேச்சு தெருவில் பரவியதும் நடந்ததை எந்த இயந்திரமும் கணித்திருக்காது. முதலில் எதிர்வீட்டுப் பெண்கள் வந்தார்கள். அப்புறம் பட்டறைக்காரர்கள். பாஸ் போன கொத்தனார், "இனிமே போறதுக்கு என்ன இருக்கு?" என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் வந்தார். வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட உலகம்மை அந்த வீட்டிலேயே பாய் விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் கூட்டிப்போக இரண்டாவதாக வந்த ஆளும் உட்கார்ந்துவிட்டதில் சென்னை கொஞ்சம் குழம்பிப்போயிருந்தது.

வருகிறவர்களில் சிலர் முத்துப்பேச்சியைத் திட்டவும் செய்தார்கள். "பிள்ளைய இப்படி வளத்துட்டியே!" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அவள் தலையை ஆட்டி ஆட்டி அழுதாள். திட்டினாலும் வந்து உட்கார்ந்து திட்டினார்கள். சேர்மதுரைக்கும் ஏச்சு விழுந்தது. சாப்பிடாமல் கிடப்பதற்குக்கூட ஒரு பெரியம்மா அவனை வாய் ஓயாமல் ஏசினாள். அன்று அவன் சோறு தின்றான்.

பதினாறாம் நாள் வீடு கொள்ளவில்லை, தெருவில் பந்தல் போட்டார்கள். அண்ணனுக்குக் கொள்ளி வைத்தவன் என்பதால் தம்பிக்குத் தாய்மாமன் உருமா கட்ட வேண்டும். துக்கம் முடிந்தது, இனி நீ எங்களோடு இரு என்று சொல்லித் தலையில் புதுத்துணி கட்டுகிற சடங்கு. தாய்மாமன் வந்தார். இத்தனை நாள் வராத வெட்கத்தில் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. மருமகன் தலையில் துணியைக் கட்டினார்.

அப்போது பின்வாசல் வழியாக அந்த இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தனுக்குக் கண்ணாடி, இன்னொருத்தன் நல்ல உயரம். ஆளில்லாத வீட்டை நினைத்து வந்தவர்கள், அடைத்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்ததும் திகைத்துவிட்டார்கள். திரும்பிப் போக வழியில்லை. பின்னாலேயே வந்த ஒரு குடும்பம் அவர்களை உள்ளே தள்ளிக்கொண்டு வந்து உட்கார வைத்துவிட்டது.

உலகம்மை பார்த்துவிட்டாள். பாயில் சாதாரண உடுப்பில் இருந்த அணைஞ்சபெருமாள் மெல்ல எழப்போனார். அவள் அவருடைய கையை அழுத்தினாள்.

"அவனுங்க எண் பதினொண்ணும் பன்னெண்டும் மேடம்" என்று அவர் போனைப் பார்த்துவிட்டு அவள் காதோடு சொன்னார். "போனும் இல்ல, பொட்டும் இல்ல, நாடி கணக்குப்படி எவன் வீட்டுக்கும் போறதில்ல. என்னன்னு சொல்லிப் பிடிக்க?"

"அதான் நீங்க பிடிக்க வேண்டாம். அவன் சொல்லணும்" என்று சேர்மதுரையைக் காட்டினாள். அவன் சொல்லாமல் விட்டால்? அவர்களோடு எழுந்து போய்விட்டால்? தடுத்து முகாமில் போடலாம். போட்டால் அவர்களுக்கு இன்னொரு பால்துரை தயார்.

ஏசிய அந்தப் பெரியம்மா புதுமுகங்களைப் பார்த்துவிட்டாள். விடுவாளா?

"நீங்க எந்த வழி சொந்தம்யா?"

"சொந்தம் இல்லம்மா. சிநேகிதங்க" என்றான் கண்ணாடி.

"எந்த ஊரு?"

"பக்கந்தான்."

"பக்கம்னா? யாரு வீடு? அப்பா பேரு என்ன? பொண்ணு எங்க எடுத்திருக்கிய?"

நாடி எட்டு வருஷமாகக் கேட்கத் தெரியாமல் விட்ட கேள்விகள்! உயரமானவன் அவசரமாக, "பால்துரை கூட ஆலையில வேலை பார்த்தோம்" என்றான்.

அண்ணாச்சி காபித் தூக்கோடு அப்படியே நின்றார். "ஆலையிலயா? ஆலைக்காரன் பூராவும் என் கடையிலதான் டீ குடிப்பான். என் பொஞ்சாதி கையிலதான் மத்தியானம் சோறு திம்பான். அவ பேரு என்ன, சொல்லுங்க பாப்போம்."

கண்ணாடிக்காரன் சேர்மதுரையின் பக்கம் திரும்பினான். குரலில் அப்படி ஒரு பாசம். "தம்பி, நாங்க யாருன்னு நீயே சொல்லுப்பா. யாரும் வராதப்ப உனக்கு யாரு வந்தாங்கன்னு சொல்லு."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். புது உருமாத் துணி நெற்றியில் இறங்கியிருந்தது. அவன் அதைச் சரிசெய்துகொண்டு எழுந்தான். ஒரு பக்கம் மாமா, ஒரு பக்கம் அண்ணாச்சி. தாயை ஒருமுறை பார்த்தான்.

"வந்தாங்க" என்றான். "யாரும் வராதப்ப இவங்கதான் வந்தாங்க. அது நெசம்." விரலை நீட்டி இருவரையும் காட்டினான். "எங்க அண்ணன் கையில அந்தப் பையக் குடுத்ததும் இவங்கதான். என்கிட்ட அத இவங்களே பெருமையாச் சொன்னாங்க. அடுத்த பை எனக்கு."

இரண்டு பேரும் எழுந்து ஓடினார்கள். எங்கே ஓடுவது? வாசலில் ஊர்ச் செருப்பு முழுக்க மலையாகக் கிடந்தது. உயரமானவன் அதில் வழுக்கி விழுந்தான். கண்ணாடிக்காரன் அவன் மேல் விழுந்தான். அணைஞ்சபெருமாள் இரண்டு பேரையும் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். அடிக்கக் கையோங்கிய கூட்டத்தை அண்ணாச்சிதான் தடுத்தார்.

"அடிக்காதிய! கோர்ட்டுக்குப் போகட்டும். நான் அங்க வந்து சுந்தரி பேரைச் சொல்லணும்."

முத்துப்பேச்சி கண்ணாடிக்காரன் முன்னால் போய் நின்றாள். "போயிட்டு வாரோம்னு சொன்னியளே. வந்துட்டிய. என் பிள்ளைய விட்டுட்டுப் போங்க" என்றாள்.

*

மறுநாள் காலை சடகோபன் போனில் வந்தார். குரலில் தூக்கமே இல்லை.

"உலகம்மை, துறைமுகம் நிக்குது. ஒருத்தனுக்கும் பாஸ் வேலை செய்யல. சிப்பித்துறை முழுக்க வரைபடத்துல சிவப்பா இருக்கு. அந்த ஊர்ல நாப்பதுக்குக் கீழே யார்தான் இருக்கா?"

"நேத்து வரைக்கும் மூணு பேரு சார். அதுல ரெண்டு பேரை இன்ஸ்பெக்டர் உள்ள வச்சிருக்காரு. மிச்சம் ஒருத்தன்."

"யாரு?"

"சேர்மதுரை. பத்தொன்பது."

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டி எண்ணைத் தேடுகிற சத்தம் கேட்டது.

"ஒருத்தன் நல்லாகணும்னா ஊரே கெட்டுப் போயிருக்கணுமா?" என்றார் கடைசியில்.

"ஊரு கெடல சார். ஊரு போயி உக்காந்துச்சு, அவ்வளவுதான்."

"சரி. தொடர்புக் கணக்கை எடுத்துடச் சொல்றேன்."

"எடுக்காதிய சார். திருப்பிப் போடுங்க. எந்த எழவு வீட்டுக்கு ஒருத்தரும் வரலையோ, அந்த வீட்டை நாடி காட்டட்டும். குண்டு வச்சவன் வீடோ, குண்டுல செத்தவன் வீடோ, எதுவா இருந்தாலும் சரி. நாம போவோம். அலைப்படைக்காரன் போறதுக்கு முந்தி நாம போயி உக்காரணும். குண்டைத் தூக்குறவனை நீங்க பிடிங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா அடுத்தவன் தூக்காம இருக்கதுக்கு இதத் தவிர எனக்கு வேற வழி தெரியல."

"வேலையில சேருங்க முதல்ல" என்றார் சடகோபன். கொஞ்சம் தயங்கி, "அந்த அம்மா வீட்டுக்கு நான் வரலாமா? காலம் கடந்து போச்சுன்னு நினைப்பாங்களா?"

"வாங்க சார். செருப்பைக் கழட்டிட்டு உக்காருங்க. ஒண்ணும் பேச வேண்டாம்."

அன்று சாயங்காலம் முத்துப்பேச்சி சேர்மதுரையைக் கூட்டிக்கொண்டு ஆறு வீட்டுக்கும் நடந்தாள். உலகம்மை சற்றுப் பின்னால் போனாள். இரண்டு வீடுகளில் கதவு திறக்கவில்லை. அந்த வாசல்களில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நகர்ந்தார்கள். அண்ணாச்சி வீட்டில் அவருடைய மகள் பொன்மாரி பாயை விரித்தாள். விரித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். வாங்க என்று சொல்லவில்லை. எழவு வீட்டு வழக்கமா, கோபமா என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. அழுது முடித்து எழுந்தபோது தாயும் மகனும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினார்கள்.

அடுத்த நாள் உலகம்மை வேலைக்குப் போகிற வழியில் அண்ணாச்சி கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். பாஸ் இன்னும் சரியாகாததால் பொன்மாரிதான் கல்லாவில் இருந்தாள். துறைமுகத்து ஆட்கள் வேலையில்லாமல் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் முகத்திலும் வருத்தம் இல்லை. "என் எண் ஐம்பத்தாறு, உன் எண் என்னல?" என்று ஒருவரையொருவர் பீற்றிக்கொண்டிருந்தார்கள். உலகம்மைக்கு நெஞ்சு நிறைந்து போனது. இந்த ஊரில் பிறந்தோமே என்று வாய்விட்டுச் சொல்லலாம்போல இருந்தது.

சேர்மதுரை வந்தான். கடைக்கு எதிரே ரோட்டில் நின்றான். கையில் காலிப் பை, கண் ரஸ்க் பாட்டில் மேல்; தாய்க்கு வாங்க வந்திருக்கிறான் என்று தெரிந்தது. பொன்மாரி அவனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். ஒரு லாரி இருவருக்கும் நடுவே போனது. அது போன பிறகும் அவன் அங்கேயேதான் நின்றான்.

பொன்மாரி ரஸ்க் பாட்டிலின் மூடியைத் திறந்தாள்.

"வாங்க" என்றாள். "என்ன வேணும்?"